கடவுளுக்கு வலிக்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

1943 ஜூலைக் கடைசி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின்மேல் குண்டு மழை. 30,000க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குப் பள்ளிக்கூடப் பையன்களைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் 17 வயது யூர்கன் மோல்ட்மன். பக்கத்தில் நின்ற நண்பன் அங்கேயே இறந்தான், இவர் பிழைத்தார். பக்தியெல்லாம் அதிகம் இல்லாத குடும்பம். ஆனாலும் அன்றிரவு, "கடவுளே, எங்கே இருக்கிறீர்?" என்று கதறினேன் என்று பின்னாளில் சொன்னார்.

1945இல் பிரிட்டிஷ் படையிடம் கைதியானார். முகாமில் படைக் குருவானவர் ஒருவர் கொடுத்த புதிய ஏற்பாட்டில் சங்கீதங்கள் என்ற பழைய ஏற்பாட்டு ஜெபப் பாடல்களும் இருந்தன. 39ஆம் சங்கீதம் தன் மனதையே பேசியதாக அவருக்குத் தோன்றியது. அப்புறம் மாற்கு சுவிசேஷம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு சிலுவையில் கூப்பிடும் இடத்தில், தன்னைப் புரிந்துகொண்ட ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்தார்.

அந்தப் பையன்தான் பின்பு இறையியல் பேராசிரியராகி, 1972இல் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூலை எழுதினார். அது ஏன் அவ்வளவு சலசலப்பைக் கிளப்பியது?

ஏனென்றால், கடவுளுக்குத் துன்பமே கிடையாது என்பதுதான் திருச்சபையின் பழைய போதனை. இதைக் கல்நெஞ்சம் என்று சிலர் ஏசுகிறார்கள், அது நியாயமில்லை. கிரேக்கப் புராணத்துத் தேவர்கள் கோபத்திலும் பொறாமையிலும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த ஆதிப் பிதாக்கள், அதாவது ஆரம்பகாலத் திருச்சபையின் போதகர்கள், எதனாலும் நிலைகுலையாத ஒருவரை நம்பித்தான் நாம் வாழ முடியும் என்றார்கள். "நான் கர்த்தர், நான் மாறாதவர்" என்று வேதாகமத்தின் மல்கியா புத்தகத்திலும் இருக்கிறதே.

11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் இதையே ஜெபமாகக் கேட்டார்: உமக்குத் துன்பம் இல்லையென்றால் எப்படி இரக்கமுள்ளவராக இருக்கிறீர்? அவர் கண்ட விடை, இரக்கத்தின் பலனை நாங்கள் உணர்கிறோம், நீர் அந்த உணர்ச்சிக்கு ஆளாவதில்லை என்பது. தர்க்கம் சரிதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வேதாகமத்தின் ஓசியா தீர்க்கதரிசியைத்தான் வாசித்துக் காட்டுவேன்: "என் இருதயம் எனக்குள் குழம்புகிறது, என் பரிதாபங்கள் ஏகமாய்ப் பொங்குகிறது." பேசுகிறவர் கடவுள்!

மோல்ட்மன் ஓசியாவின் பக்கம். சிலுவையில் குமாரன் சாவை அனுபவிக்கிறார். பிதாவோ மகனின் சாவை அனுபவிக்கிறார், அந்தத் துக்கமும் உண்மையானது என்றார். துன்பப்பட முடியாதவரால் அன்புசெலுத்தவும் முடியாது என்பது அவர் வாதம்.

1989 நவம்பர் 16இல் எல் சால்வடோரில் பல்கலைக்கழக வளாகத்தில் புகுந்த ராணுவம், இயேசு சபைக் குருக்கள் ஆறு பேரையும் சமையல் வேலை செய்த அம்மாவையும் அவர் மகளையும் சுட்டுக் கொன்றது. ஒரு குருவின் உடலை இன்னொருவர் அறைக்குள் இழுத்துப் போட்டார்கள். அலமாரியிலிருந்து விழுந்து அந்த ரத்தத்தில் ஊறிய புத்தகம், மோல்ட்மனின் இந்த நூலின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு.

எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ராஹ்னர் நறுக்கென்று கேட்டார்: நான் சிக்கியிருக்கும் இதே அவலத்தில் கடவுளும் சிக்கிக்கொண்டால், நான் வெளியேற அது எப்படி உதவும்?

சரியான கேள்வி. ஆனால் கிணற்றில் தவறி விழுகிறவர் வேறு, விழுந்தவரைத் தூக்கக் கயிற்றோடு இறங்குகிறவர் வேறு. கடவுள் நம்மைப்போல மாட்டிக்கொண்டு துன்பப்படுவதில்லை. அன்பினால் தாமாகவே அதற்கு இடம்கொடுக்கிறார் என்றுதான் மோல்ட்மன் சொன்னார். சிலுவை நூலில் இறங்குவதைப் பற்றிய பேச்சே அதிகம் என்பது என் குறை. கயிற்றுக்கு, அதாவது உயிர்த்தெழுதலுக்கு, 1964இல் அவர் எழுதிய 'நம்பிக்கையின் இறையியல்' நூலுக்குப் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ராஹ்னருக்குப் பதில் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.