நாளொன்றுக்கு ஒரு பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரைக்காரர்களுக்குக் கண்ணகி வழக்குரைத்த கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. பாண்டியன் வீட்டில் ஏன் முத்து? கொற்கைத் துறை அவன் கையில் இருந்தது. இது தெரிந்தவருக்கு அந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். தெரியாதவர் ஏதோ கல் மாறிப்போச்சு என்று தாண்டிப் போய்விடுவார். நம் கதைகளை இப்படி ஊரோடும் காலத்தோடும் சேர்த்துக் கேட்கிற நாம், வேதாகமத்தைத் திறந்தால் மட்டும், அது நேற்று நம் தெருவில் அச்சடித்து வந்தது போல வாசிக்கிறோம்.

பல ஆண்டுகளாக நான் போகிற இடமெல்லாம் சொல்லிவருவது ஒன்றுதான். ஒரு வசனம் முதன்முதலில் யார் காதில் விழுந்தது, எந்த ஊரில், எந்த நிலைமையில் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் விசுவாசம் குறைந்துபோகும் என்று சிலருக்குப் பயம். நான் பார்த்தவரையில், அப்போதுதான் வசனம் நமக்கு உறைக்கவே ஆரம்பிக்கிறது.

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதையை எடுத்துக்கொள்வோம். வீட்டெஜமான் ஒருவர் விடியற்காலத்தில் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி ஆள் பிடிக்கிறார். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி. நம் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவது அவர்கள் வழக்கம். பதினோராம் மணி என்றால் சாயங்காலம் 5 மணி. வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான். அப்போது வந்தவனுக்கும் அதே ஒரு பணம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்துச் சபையில் இதை வாசித்துக்கொண்டிருந்தோம். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கூலி வேலை பார்க்கிறவர்கள். "கடைசியில் வந்தவன் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டேன். படித்த பையன் ஒருவன் சட்டென்று, "சோம்பேறிங்கய்யா. தூங்கிட்டு லேட்டா வந்திருப்பான்" என்றான். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா விடவில்லை.

"தம்பி, நீ என்னைக்காச்சும் கூலிக்கு முக்குல நின்னுருக்கியா? மொதல்ல வாட்டசாட்டமா இருக்கறவனக் கூப்புடுவாக. அப்புறம் தெரிஞ்ச மொகம். வயசானவுக, நோஞ்சான், கைப்புள்ளக்காரி எல்லாம் நின்னுக்கிட்டே இருக்கணும். சோம்பேறியா இருந்தா பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பான்யா. சாயங்காலம் வரைக்கும் நிக்கிறான்னா வீட்ல அடுப்பு எரியலன்னு அர்த்தம்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல விளக்கம் கேட்டதில்லை. வசனத்தைத் திரும்பிப் பாருங்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." எஜமானும் அதை மறுத்துப் பேசவில்லை.

அந்த அம்மா தன் வாழ்க்கையிலிருந்து பாதியைச் சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதிக்கு வரலாறு வேண்டும். நம் கம்பம் பக்கம் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். பாலஸ்தீனத்தில் அப்படியில்லை; கோடை முடிவில் ஒரே ஒரு அறுவடை. தோட்டக்காரருக்கு அது அவசர காலம், கூலிக்காரருக்கு அதுதான் நாலு காசு பார்க்கிற காலம். அந்த நாளிலும் ஒருவன் மாலை வரை விலைபோகாமல் நிற்கிறான் என்றால் அவன் நிலைமையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலமே கூலி கொடுத்ததும் எஜமானின் பெருந்தன்மை அல்ல. ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன்னே கூலியைக் கொடு என்பது பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான உபாகமம் 24ஆம் அதிகாரத்துக் கட்டளை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் அதே நூற்றாண்டுக்காரர். எருசலேம் தேவாலயக் கட்டுமானம் முடிந்தபோது 18,000க்கும் மேற்பட்ட ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள் என்று எழுதுகிறார். அங்கே ஒருவன் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் உடனே கூலி கொடுத்துவிடுவார்களாம். இயேசு இந்தக் கதையைச் சொல்லி ஒரு முப்பது ஆண்டுகளுக்குப் பிந்திய செய்தி இது. ஆனாலும் கதையைக் கேட்டவர்களுக்கு ஒரு மணி நேரக் கூலி, வேலையில்லாக் கூட்டம் எல்லாம் ஏதோ பரலோகத்து உருவகம் அல்ல, தினசரி கண்ணில் பட்டவை என்று புரிகிறது அல்லவா?

அந்த 'ஒரு பணம்' மத்தேயு 22இல் மறுபடியும் தலைகாட்டுகிறது. இயேசுவை மடக்க வந்தவர்கள் கேட்டது, இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, வரி கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வி. ரோமரின் வெள்ளிக்காசு அது. 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, நம் ஒரு ரூபாயைவிடச் சற்றே சிறியது. ஒரு பக்கம் திபேரியுராயனின் தலை. சுற்றிலும், இவன் முந்தைய பேரரசனான தெய்வீக அகுஸ்துவின் மகன் என்ற எழுத்து. யூதேயாவில் புழங்கிய செப்புக்காசில் ரோம அதிகாரிகள்கூட மனித முகம் பொறிக்கவில்லை. யூதர்களுக்கு அது கட்டளை மீறல் என்று தெரியும். கி.பி. 6இல் வரிக்காகக் குடிமதிப்பு எடுத்தபோது கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான்; அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் அவன் பெயர் வருகிறது. ஆக, இது வாயைக் கிளறும் கேள்வி மட்டுமல்ல, ஆளைச் சிக்கவைக்கும் கேள்வி. கொடு என்றால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள், கொடுக்காதே என்றால் ரோம தேசாதிபதி விடமாட்டான்.

இயேசு என்ன செய்தார்? "வரிக்காசை எனக்குக் காண்பியுங்கள்" என்றார். கவனியுங்கள், அவரிடம் அந்தக் காசு இல்லை. தேவாலயத்துக்குள் நின்று பக்தி பேசியவர்களின் மடியிலிருந்து அது வெளியே வருகிறது! அதில் இருக்கிற உருவம் யாருடையது என்று கேட்டுவிட்டு, இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள் என்றார். அதை அரசாங்கத்துக்கு வரி கட்டுங்கள் என்ற புத்திமதியாக மட்டும் சுருக்கிவிட்டால் இந்தக் காட்சி போய்விடும்.

நடுவில் ஒன்று. அகுஸ்து, திபேரியு காலத்து வெள்ளிக்காசுகள் தமிழ்நாட்டு மண்ணிலும் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. நம் மிளகுக்கும் முத்துக்கும் வந்த விலை. பாண்டியன் என்ற அரசனிடமிருந்து அகுஸ்துவுக்குத் தூது போனதாக ஸ்திராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்தில் அந்தக் காசைப் பார்க்க வாய்த்தால், இயேசு காட்டச் சொன்னது இந்த மாதிரிக் காசைத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு என்ற பெயரில் கதை கட்டுவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு. அதற்கு ஒரு விளக்கம்: எருசலேம் மதிலில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டு நுழையுமாம். கேட்காத ஆள் உண்டா? இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. அந்த விளக்கமே பல நூற்றாண்டு கழித்து வந்தது. வெறும் வாசல்தான் என்றால், அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் ஏன் திகைக்க வேண்டும்? பணக்காரருக்கு ஒரு குறுக்குவழி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிலையத்து நண்பர் கை காட்டுகிறார். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா பட்டணத்துச் சபையைக் குளிருமல்ல அனலுமல்ல, வெதுவெதுப்பு என்று கண்டிக்கிறது வெளிப்படுத்தல் 3ஆம் அதிகாரம். பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர். லவோதிக்கேயாவுக்குக் குழாயில் வந்த தண்ணீர். சுண்ணாம்பு படிந்த அந்தக் குழாய்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. வெந்நீர் உடம்பு வலிக்கு ஆகும், குளிர்ந்த நீர் தாகத்துக்கு ஆகும். இரண்டுமே நல்லதுதான்; வெதுவெதுப்பானதுதான் எதற்கும் ஆகாது. அப்படியானால் 'குளிர்' என்பது பக்தியில்லாதவன் என்று சொல்லும் பிரசங்கத்தை இன்னொரு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது.

சபையில் பெண்கள் பேசக்கூடாது என்ற பகுதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், நேரமில்லை. ஒன்று கொரிந்தியர் 11இல் பெண்கள் ஜெபம்பண்ணும்போது, தீர்க்கதரிசனம் சொல்லும்போது எப்படி இருக்க வேண்டும் என்று சொன்ன அதே பவுலின் நிருபத்தில், 14இல் அந்தக் கட்டளை வருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கொரிந்து பட்டணத்துக் கூட்டத்தில் அன்று என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். வணக்கம்.