தெருவில் கிடந்த குழந்தையும் கழுத்தில் இருந்த தாயத்தும்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாணப் பேச்சு என்றாலே பையன் யார், பெண் யார், அப்பா அம்மா எப்படி என்று நாலு இடத்தில் விசாரிப்பது உங்களுக்குப் புதிதல்ல. யூத மதச் சட்டத்தில் அப்படி விசாரிக்கப் போய் மாட்டிக்கொண்டால் அந்த வம்சமே வெளியே வர முடியாத ஓர் இடம் இருக்கிறது. பல வருஷமாக நான் விடாமல் படித்துவரும் விஷயம் அது.

அந்த நிலையில் பிறந்தவரை மம்ஸேர் என்கிறார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு யூதச் சட்டத்தில் இந்தத் தடை கிடையாது. கணவன் இருக்கும்போது இன்னொரு யூத ஆணுக்குப் பெற்ற பிள்ளை, அல்லது கூடாத ரத்த உறவில் பிறந்த பிள்ளை, இவர்கள்தான் மம்ஸேர். வேதத்தின் உபாகமம் 23ஆம் அதிகாரம் பத்துத் தலைமுறைக்கு இவர்கள் சபைக்குள் வரக்கூடாது என்கிறது; பத்து என்றால் என்றைக்குமே என்று ரபிகள் என்னும் யூத மத குருமார் எடுத்துக்கொண்டார்கள். சபை என்றால் ஜெபக்கூடம் இல்லை, கல்யாணம். சொத்தில் பங்கு உண்டு, படிக்கலாம், பெரிய அறிஞராகவும் ஆகலாம். படித்த மம்ஸேருக்குப் படிக்காத பிரதான ஆசாரியனைவிட முன்னுரிமை என்று மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பே சொல்கிறது! ஆனால் இன்னொரு மம்ஸேரையோ மதம் மாறி யூதரானவரையோதான் கட்டிக்கொள்ள முடியும்.

தப்பு செய்தது பெற்றவர்கள், தண்டனை பிள்ளைக்கு. இது அநியாயம் என்று நாம் இன்று கண்டுபிடிக்கவில்லை. மித்ராஷ் என்னும் பழைய வேத விளக்க நூல் ஒன்றில் தானியேல் என்ற தையல்காரர் வருகிறார். ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பற்றிப் பிரசங்கி என்ற வேதப் புத்தகம் சொல்கிற வசனத்துக்கு அவர் சொன்ன விளக்கம், அந்தக் கண்ணீர் மம்ஸேர்களுடையது, ஒடுக்குகிறவர்கள் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற சன்ஹெட்ரின் என்னும் உயர்மன்றம். அப்பன் பாவம் செய்தான், இந்தப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்கிறார். ஒரு தையல்காரர் கேட்ட கேள்வியை மத அறிஞர்களே பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, வசனத்தை அழிக்க முடியாது. அப்புறம் என்ன செய்வது? யாரையும் மம்ஸேர் என்று நிரூபிக்க முடியாதபடி வழியை அடைத்துக்கொண்டே போனார்கள். நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இங்கேதான்.

தெருவில் ஒரு குழந்தை கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றவர்கள் யாரென்று தெரியாததால் அதன் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் வரும், கல்யாணத்துக்குத் தடை வரும். ஆனால் மிஷ்னாவை அலசும் பெரிய சட்ட நூலான தல்முத் என்ன கேட்கிறது தெரியுமா? குழந்தையைப் பார்த்தீர்களா என்று கேட்கிறது. விருத்தசேதனம் செய்திருக்கிறதா? கை கால்களை நீவிவிட்டிருக்கிறார்களா? எண்ணெய் தேய்த்து மை இட்டிருக்கிறார்களா? கழுத்தில் தாயத்து தொங்குகிறதா? இதில் ஏதாவது இருந்தால் சந்தேகமே இல்லை, விடுங்கள் என்கிறது. பேரீச்ச மரத்தில் தொங்கவிட்டிருந்தால், மிருகம் எட்டாத உயரத்திலா என்று பார்க்கச் சொல்கிறது. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் விட்டிருந்தாலும் சரிதான். காரணம் எளிது: பிழைக்கட்டும் என்று நினைத்து விட்டுப்போனவள் அவமானத்துக்குப் பயந்து வீசவில்லை, வறுமையில் விட்டிருக்கிறாள். யாராவது குழந்தையை எடுத்துக்கொண்ட பிறகு ஒரு தம்பதி வந்து எங்கள் பிள்ளை என்றால் சாதாரணமாக நம்ப மாட்டார்கள். பஞ்ச காலத்தில் நம்பலாம் என்கிறார் தல்முத்தில் வரும் ராவா என்ற அறிஞர். எண்ணெய் தேய்த்த தடத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்குக் கல்யாண உரிமையை மீட்டுக் கொடுக்கிற சட்டத்தை வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இன்னொன்று. கணவன் கடல் தாண்டிப் போய் பன்னிரண்டு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளையை, கருவிலேயே தங்கிவிட்டிருக்கும் என்று சொல்லி ஒரு ரபி ஏற்றுக்கொண்டார். மருத்துவம் தெரியாமல் அல்ல, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் என்றே நான் நம்புகிறேன். ஊர் வாய் என்ன சொன்னாலும் கல்யாணமான பெண்ணின் பிள்ளை கணவனுடையது என்பதுதான் அடிப்படை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், இன்றைய நிலைமையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் யூதர்களுக்கு உள்நாட்டில் பதிவுத் திருமணம் கிடையாது, ரபிகள் வழியாகத்தான். கணவன் கெட் என்னும் மத விவாகரத்துப் பத்திரம் தர மறுத்து, மனைவி இன்னொரு யூதரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை மம்ஸேர். இன்று பயம் முக்கியமாக இங்கிருந்துதான் வருகிறது. 1972இல் ராணுவத்தில் இருந்த ஓர் அண்ணன் தங்கைக்கு இந்தத் தடை வந்தபோது, தலைமை ரபி ஷ்லோமோ கோரன் தாயின் முதல் திருமணமே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி அவர்களை விடுவித்தார், பெரிய சண்டையானது. டி.என்.ஏ. சோதனையில் தந்தை யாரென்று பார்க்க 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதே 2000இல் அமெரிக்காவில் கன்சர்வேடிவ் என்ற யூதப் பிரிவின் ரபிகள் இந்த விஷயத்தில் சாட்சியமே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சைப்ரஸ் போய்ப் பதிவுத் திருமணம் செய்துவருபவர்களை இஸ்ரேல் அரசு பதிவு செய்துகொள்கிறது. ஆனால் மம்ஸேர் ஒருவர் அப்படிப் போய்க் கட்டிக்கொண்டாலும் அவருக்குப் பிறக்கும் பிள்ளையை மதச் சட்டம் மம்ஸேராகத்தான் பார்க்கிறது. வணக்கம்.