களியும் ஆயுள் கைதிகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்ட வழங்கல் அலுவலர் அவர்களே, சால்வை வேண்டாம், கதர்த்துண்டு போதும் என்ற என் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்ட நுகர்வோர் சங்கச் செயலாளர் அவர்களே, மழை மிரட்டியும் எழுந்து போகாத தாம்பரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'நகரத்துச் சாப்பாடு' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. எண்ணெய், சர்க்கரை, தானியம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசப்போகிறேன். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பார்கள். நாம் இருவருக்கும் கொடுக்கிறோம். போதாததற்கு, வாசலுக்குக் கொண்டுவந்து தருபவருக்கும் கொடுக்கிறோம்.

அப்படி வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன மாதம் வேளச்சேரியில் என் தங்கை பேத்திக்குப் பிறந்தநாள். இரவு 10 மணிக்குப் பீட்சா வந்தது. கொண்டுவந்த பையன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். "சாப்பிட்டாயா தம்பி?" என்றேன். "மத்தியானம் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன் ஐயா." ஊர் தர்மபுரிப் பக்கம். அப்பா கேழ்வரகு போடுகிறாராம். "ஊருக்குப் போனால் அம்மா களி கிளறிக் கீரைக் குழம்பு ஊற்றுவார். இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர், அடுப்பே கிடையாது" என்றான். பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த தங்கையின் மருமகள் நிமிர்ந்து, "களியா? ஜெயிலில் போடுவார்களே, அதுவா?" என்றாள். பையன் செம்பைக் கீழே வைத்தான். "ஆமாம் அக்கா. எங்கள் ஊரில் எல்லோரும் ஆயுள் கைதிகள்தான்."

அலுவலர் அவர்களும் சிரிக்கிறார். சிரிப்பு ஆறுவதற்குள் கோரிக்கையை வைத்துவிடுகிறேன். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசித்த வயிற்றுக்கு அது பெரிய காரியம், குறை சொல்லமாட்டேன். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டே நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் 10 இருந்தாலே அதிகம். இங்கோ கேழ்வரகைப் பளபளக்கும் பையில் போட்டு சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா அங்கே போய் வாங்குவாரா? வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடுக்கத் தயார். வாணியன் கடையில் சரக்கு இருக்க வேண்டாமா? தாம்பரத்து ரேஷன் கடைகளிலும் கேழ்வரகு போடுங்கள் என்கிறோம்.

எண்ணெயும் சர்க்கரையும் அப்படியே நிற்கின்றன. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வைத்துவிடுங்கள். போன கூட்டத்தில் நான்கு பேனாக்கள் வீடு திரும்பவில்லை.