எஸ்ஆர்-22 இருக்கும்போது ஒரு நாள்கூட பாலிசி நிற்கக் கூடாது

வணக்கம் மக்களே. டெக்சாஸில் லைசென்ஸ் முடக்கப்பட்டு, எப்படி மீட்பது என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு இரண்டாவது தடவை தண்டனை ஆனதும் என் லைசென்ஸும் போனது. தப்பு என்னுடையதுதான்.

முதலில் ஒன்று. லைசென்ஸை மீட்கக் கேட்கிற எஸ்ஆர்-22 என்பது தனி இன்சூரன்ஸ் இல்லை. "இவருக்குப் பாலிசி இருக்கிறது" என்று இன்சூரன்ஸ் கம்பெனி டிபிஎஸ்ஸுக்கு, அதாவது டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு, அனுப்புகிற சான்று, அவ்வளவுதான். இங்கே லைசென்ஸ் விஷயம் டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) கையில் இல்லை, டிபிஎஸ் கையில் இருக்கிறது. குறைந்தபட்சக் கவரேஜ் 30/60/25: காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. சான்று அனுப்பும் கட்டணம் சின்னதுதான். கையைக் கடிப்பது பிரீமியம்.

சொந்தமாகக் கார் இல்லையா? நான்-ஓனர் பாலிசி எடுத்து அதன் மேல் எஸ்ஆர்-22 போடலாம். வேலைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் கோர்ட்டில் ஆக்குபேஷனல் லைசென்ஸ் (வேலை மாதிரி அவசியத்துக்கு மட்டும் ஓட்ட விடுகிற லைசென்ஸ்) கேட்கலாம். அதற்கும் எஸ்ஆர்-22 வேண்டும்.

என் விஷயத்தில் 2 வருடம் வைத்திருக்க வேண்டும், தண்டனைத் தேதியிலிருந்து கணக்கு. 14 மாதம் ஒழுங்காகக் கட்டினேன். அப்புறம் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்டோபேயில் இருந்த கார்டு காலாவதியாகிவிட்டது. பணம் போகவில்லை, பாலிசி ரத்து. அப்படி ரத்தானால் கம்பெனி எஸ்ஆர்-26 என்ற படிவத்தை டிபிஎஸ்ஸுக்கு அனுப்பிவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, லைசென்ஸ் மறுபடியும் முடங்கியது. கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் டிபிஎஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லை. திரும்பி வந்து பத்து நாள், லைசென்ஸ் முடங்கியது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். குழந்தை பின் சீட்டில். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

புதுப் பாலிசி, புது எஸ்ஆர்-22, மீட்புக் கட்டணம் இன்னொரு 100 டாலர். பணத்தைவிட, வண்டி எடுக்க முடியாத அந்த வாரங்கள்தான் கொடுமை.

கம்பெனி மாற்றுகிறீர்களா? புதுக் கம்பெனி எஸ்ஆர்-22 அனுப்பி, அது டிபிஎஸ் தளத்தில் ஏறியதைப் பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள், பெட்டி கட்டும் முன்னால் ஆட்டோபே கார்டின் தேதியை ஒரு தடவை பாருங்கள்.