63 நாட் அவுட்

(மாவட்ட கிரிக்கெட் லீக் ஒன்றின் தொடக்க நாளில் ஒரு ஸ்கோரர் பேசியது)

பெரியவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும், விடியற்காலையிலேயே கிட் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

28 வருஷமாக இந்த மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறேன். இன்று நவம்பர் 27. ஆஸ்திரேலிய ஆட்டக்காரன் பிலிப் ஹியூஸ் இறந்த நாள். தொடக்க விழாவில் சாவைப் பற்றிப் பேச வேண்டுமா என்று செயலாளர் தயங்கினார். இந்தத் தேதியில் ஆட்டம் தொடங்கிவிட்டு அவனைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது என்றேன். சரி, பேசுங்கள் என்றார்.

அவன் என்றுதான் சொல்லப்போகிறேன். 1988 நவம்பர் 30இல் பிறந்தவன். என் மூத்த மகனும் அந்த வருஷத்துப் பிள்ளைதான். அதனால் வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்குக் கடலோரத்தில் மாக்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அப்பா வாழை விவசாயி. பையன் 17 வயதில் கிரிக்கெட்டுக்காக சிட்னிக்கு வந்தான். 19 வயதில், அங்கே மாநிலங்கள் மோதுகிற ஷெஃபீல்டு ஷீல்டு இறுதி ஆட்டத்தில் சதம் அடித்தான். 20 வயதில் டெஸ்ட் வாய்ப்பு. 2009இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்டெய்ன் பந்தில் முதல் இன்னிங்ஸிலேயே முட்டை. இரண்டாவது இன்னிங்ஸில் 75. அடுத்த டெஸ்ட் டர்பனில். 115, 160. அவ்வளவு சின்ன வயதில் ஒரே டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர் அதுவரை யாரும் இல்லை. அந்த முதல் சதத்தை எப்படித் தொட்டான் தெரியுமா? அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர். டீவி முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவன் ஆட்டம் எந்தப் பாடத்திலும் சேராது. இடது கை ஓப்பனர். லெக் பக்கம் சற்று ஒதுங்கி, ஆஃப் பக்கம் இடம் உண்டாக்கிக்கொண்டு, கத்தியால் சீவுகிற மாதிரி வெட்டுவான். இங்கே இருக்கிற பயிற்சியாளர்கள் சிலர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் அப்படித்தான். டர்பன் முடிந்து நாலைந்து மாதத்திலேயே இங்கிலாந்தில் அணியை விட்டு வெளியே உட்கார வைத்தார்கள். அப்புறம் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஒவ்வொரு முறையும் போய் ரன் அடித்துவிட்டுத் திரும்பி வந்தான். ஊரில் மாட்டுப் பண்ணை ஒன்று வைத்திருந்தான். அவனுடைய டெஸ்ட் தொப்பி எண் 408, அதாவது ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடிய 408ஆவது ஆள். பண்ணைக்கும் அதையே பெயராக வைத்தான்.

2013இல் டிரெண்ட் பிரிட்ஜில் 19 வயது ஆஷ்டன் ஏகர் பதினோராவது ஆளாக இறங்கி 98 அடித்தது உங்களில் பலருக்குத் தெரியும். கடைசி விக்கெட்டுக்கு 163 ரன். அந்தப் பக்கம் நின்றவன் யார்? ஹியூஸ், 81 நாட் அவுட். எல்லோருக்கும் 98 நினைவிருக்கிறது. ஸ்கோர் எழுதுகிறவன் கண்ணில் அந்த 81தான் முதலில் படும். முதல் டெஸ்ட் ஆடுகிற ஒரு சின்னப் பையனுக்குத் துணையாக எதிர்முனையில் நின்று எடுத்த ரன் அது.

2014 நவம்பர் 25. சிட்னி மைதானம். அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தான். எதிரே பழைய மாநில அணி, நியூ சவுத் வேல்ஸ். ஃபீல்டிங் செய்தவர்களில் பலர் அவன் நண்பர்கள். 63 ரன்னில் இருந்தான். இன்னும் சில நாளில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டுக்கு அவன் பெயர் வந்துவிடும் என்ற பேச்சு இருந்தது. ஒரு பவுன்சர், தலை உயரத்துக்கு எழும்புகிற பந்து. ஹூக் ஆடினான். மட்டையில் படவில்லை.

தம்பிகளா, எல்லோரும் இடது கையை எடுங்கள். காது மடலுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரலை வையுங்கள். மெத்தென்று இருக்கிறதா? அங்கேதான் பட்டது. இப்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். பழைய மாடல் என்றால் விரல் நேரே தோலில் படும். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடிபட்ட வேகத்தில் கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்துவிட்டது. மருத்துவ உலகத்திலேயே மிக அபூர்வம் என்றார் அணி மருத்துவர். பந்து பட்டதும் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றி ஒரு கணம் நின்றான். அப்புறம் குப்புற விழுந்தான். இரண்டு நாள் நினைவு திரும்பவே இல்லை. 27ஆம் தேதி போய்விட்டான். 26 வயது நிறைய மூன்று நாள் பாக்கி.

இன்னொரு பையனைப் பற்றியும் பேச வேண்டும். அந்தப் பந்தை வீசிய ஷான் அபாட். 22 வயது. அவர் போட்டது விதிக்கு உட்பட்ட சாதாரண பவுன்சர்.

நம் ஊரில் இளம் சாவு விழுந்தால் இழவு வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி எது? யாரால? ஓட்டினவன் யார், கூட்டிக்கொண்டு போனவன் யார், கடைசியாகக் கூட இருந்தவன் யார்? அந்தக் கேள்வியிலேயே இன்னொரு பிள்ளையும் பாதி செத்துப்போவான். அங்கே என்ன நடந்தது பாருங்கள். அபாட் மருத்துவமனைக்குப் போனார். உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஹியூஸின் சகோதரி வெளியே வந்து அவரோடு வெகுநேரம் இருந்தார். கேப்டன் மைக்கேல் கிளார்க்கும் இருந்தார். அண்ணன் உள்ளே கிடக்கும்போது, பந்து போட்டவன் பக்கத்தில் வந்து உட்கார ஒரு பெண்ணுக்கு எவ்வளவு மனசு வேண்டும்! இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பின்னால் 2016இல் நீதி விசாரணை நடந்தது. அன்றைக்கு அடுக்கடுக்காக வந்த ஷார்ட் பந்துகள், களத்தில் பேசிய பேச்சு என்று குடும்பத்தார் கேள்வி எழுப்பினார்கள். கேட்கத்தான் வேண்டும், பெற்ற வயிறு. இந்தச் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று விசாரணை முடிவு சொன்னது. அபாட்டோ, சம்பவம் நடந்து இரண்டு வாரத்தில் அதே சிட்னி மைதானத்தில் மறுபடி பந்தைக் கையில் எடுத்தார். அந்த ஆட்டத்திலேயே ஓர் இன்னிங்ஸில் 14 ரன்னுக்கு 6 விக்கெட். பிறகு ஆஸ்திரேலிய அணிக்கும் திரும்ப வந்தார்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், என் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முந்திய ஆட்டம். இதே மைதானம். ஒரு தம்பி போட்ட பந்து எதிரணிப் பையன் முகத்தில் பட்டு இரண்டு பல் போயிற்று, தாடை உடைந்தது. ரிட்டயர்டு ஹர்ட், அதாவது அடிபட்டு வெளியேறினான் என்று எழுதினேன். அடிபட்டவனைப் பார்க்க ஹார்லிக்ஸ், பழம் வாங்கிக்கொண்டு நாங்கள் நாலு பேர் போனோம். அவன் தேறி வந்து மூன்று சீசன் ஆடினான். பந்து போட்டவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அவன் வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான். நானும் போகவில்லை, யாரும் போகவில்லை. ஹியூஸ் இறந்த பிறகு, அந்த மருத்துவமனைச் செய்தியைப் படித்த அன்று சாயங்காலம்தான் தேடிப் போனேன். வீட்டைக் காலி செய்து போயிருந்தார்கள்.

சிட்னி ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது. அடிபட்டு வெளியேறியதால் ஹியூஸ் பெயருக்கு நேராக ரிட்டயர்டு ஹர்ட் என்றுதான் முதலில் இருந்தது. ஆஸ்திரேலிய வாரியம் அதை மாற்றி, 63 நாட் அவுட் என்று பதிந்தது. எழுதியதைத் திருத்துவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். அந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் உலகத்தில் எந்த ஸ்கோரரும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார். அவனை யாரும் அவுட் ஆக்கவில்லையே.

டிசம்பர் 3இல் மாக்ஸ்வில் பள்ளிக்கூடத்து அரங்கில் இறுதிச் சடங்கு. விராட் கோலியும் போயிருந்தார். ஆறு நாள் கழித்து அடிலெய்டில் டெஸ்ட். அங்கே கோலிக்கு வந்த முதல் பந்தே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஜான்சனின் பவுன்சர், ஹெல்மெட்டில் மோதியது. மைதானமே மூச்சை நிறுத்தியது. ஆஸ்திரேலியக்காரர்கள் ஓடி வந்து சுற்றி நின்று, ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்கள். கோலி அந்த இன்னிங்ஸில் 115 அடித்தார்.

கடைசியாக ஒரு வேலை. ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டுகிற கழுத்துக் காப்பு இப்போது வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபரிலிருந்து வேகப்பந்தை எதிர்கொள்ளும் அவர்களுடைய ஆட்டக்காரர்களுக்கு அது கட்டாயம். போட்டால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வியர்க்கிறது என்பீர்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே சொன்னார்கள். நாலு வலைப்பயிற்சியில் பழகிவிடும். இந்த சீசனில் காப்பு இல்லாமல் மட்டை பிடிக்க வருகிறவன் பெயரை நான் எழுத மாட்டேன். செயலாளரிடம் சொல்லிவிட்டேன். வாங்க முடியாதவர்களுக்காக இரண்டு பெட்டி அந்த மரத்தடியில் வைத்திருக்கிறோம். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மௌனம் வேண்டாம். அடிலெய்டில் செய்த மாதிரி கை தட்டுவோம், 63 விநாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.