கிழிக்காத தாள்கள்

(சிவகாசியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆறு மணிக் கூட்டத்துக்கு நான் நாலேமுக்காலுக்கே வந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நேரம் தவறாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு உடம்பில் தெரியாது. ஒன்று இப்படி வருவேன், இல்லாவிட்டால் நாற்காலிகளை அடுக்கும்போது வருவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே நேரம்தான். இந்த ஊரில் பத்தொன்பது வருடமாகத் தினசரி காலண்டருக்குப் பிழை திருத்துகிறேன். திதி, ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். ஒரு எண் மாறினால் எங்கேயோ ஒரு வீட்டில் தாலி கட்டும் நேரம் மாறிவிடும். அந்த வேலையில் என்னிடம் பிழை குறைவு என்று முதலாளியே சொல்வார். அப்படியிருக்க எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு-மிகைத்துடிப்புக் கோளாறு என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "கவனம் இல்லாதவளா பிழை திருத்துறா?"

கவனக்குறைவு என்ற பெயரே சரியில்லை என்பது என் கட்சி. கவனம் நிறைய இருக்கிறது, கடிவாளம்தான் கையில் இல்லை. ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும், அச்சகத்தில் எல்லோரும் பறக்கிறார்கள் என்றால் பத்து மணி நேரம் தலை நிமிராமல் உட்காருவேன். அதே ஆள், கணக்கில் பணமும் கையில் போனும் இருந்தும், ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரும்வரை கரண்ட் பில் கட்டியதில்லை.

இது சின்ன வயதிலிருந்தே இருந்தது. மனச்சோர்வு பின்னால் வந்தது. வந்த நாள் தெரியாது, பிடிபட்ட நாள் தெரியும். எனக்கு முப்பத்தெட்டு வயது, ஐப்பசி மாதம். அக்கா திடீரென்று வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் நானே பிழை திருத்திய காலண்டர் தொங்குகிறது. அதில் இருபத்து மூன்று நாள் தாள் கிழிக்காமல் இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போனாள். தோசை மாவு பொங்கி, மேடையில் வழிந்து, காய்ந்து, பொருக்காகப் பிடித்திருந்தது.

"மறந்துட்டியாடி?"

"மறக்கலைக்கா. புளிச்ச வாசம் வந்துச்சு. எழுந்திரிக்கணும்னு தோணலை."

அந்தப் பதிலைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் மறந்துதான் மாவைப் பொங்கவிடுவேன். மேடையில் வழிந்த மாவு ஒன்றுதான், காரணங்கள் இரண்டு. பார்க்கிறவர்கள் இரண்டுக்கும் வைக்கும் பெயரும் ஒன்றுதான்: சோம்பேறி.

முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்தில் அழுகை நின்றது, தூக்கம் வந்தது. ஆனால் கட்டாத பில் கட்டாமலேயே கிடந்தது. திட்டு வாங்கினேன். திட்டு வெட்கமானது, வெட்கம் ஒரு வருடத்தில் என்னை மறுபடி படுக்கையில் தள்ளியது. இரண்டாவது மருத்துவர்தான், தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பழைய ரேங்க் கார்டு எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருந்தால்தான் ஏடிஹெச்டி என்று முடிவுசெய்வார்களாம். அம்மா பீரோவில் சேலைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு: "நன்றாகப் படிக்கிறாள். கவனம் தேவை." நான்காம் வகுப்பு: "கவனம் தேவை." ஐந்தாம் வகுப்பில் சிவப்பு மையில் அடிக்கோடு.

பெஞ்சில் ஏறிக் குதிக்கிற பையனை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்பிள்ளையை "சாதுவான பிள்ளை" என்று விட்டுவிடுவார்கள். மருத்துவமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1968-இல் இதற்கு இருந்த பெயர் குழந்தைகளின் மிகைத்துடிப்பைப் பற்றியது. 1980 பதிப்பில்தான் கவனம் என்ற சொல்லே பெயருக்குள் வந்தது.

மருந்து விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட வாரக்கணக்கில் ஆகும். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும், சில மணி நேரத்தில் இறங்கியும்விடும். (இதை 1944-இல் தயாரித்தவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. கடையில் விற்கும் ரிட்டலின் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.) இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா, எது முதலில் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள், என் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு கூத்து கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரையைத் தினமும் மறக்காமல் போட வேண்டும். மறப்பதுதான் என் இன்னொரு வியாதி! இரண்டு நாள் விட்டால் தலை சுற்றும். அலாரம் வைத்தேன், அணைத்துவிட்டு மறந்தேன். கடைசியில் மாத்திரை அட்டையைக் கிளிப் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் காலண்டர் அட்டையிலேயே மாட்டினேன். மாத்திரை போட்டால்தான் தாள் கிழிக்கலாம் என்பது சட்டம். வீட்டுக்காரர் வாசலிலிருந்தே தேதியைப் பார்த்துவிடுவார், "போட்டியா" என்று கேட்டு மானத்தை வாங்க வேண்டியதில்லை.

சரி, மாத்திரைக்கு அப்பால் நாள் எப்படி ஓடுகிறது? காலையில் கண் விழித்ததும் என்னை நானே ஒன்று கேட்டுக்கொள்வேன். இன்றைக்கு ஏதாவது செய்ய ஆசை இருக்கிறதா?

ஆசை இருந்தும் கை நகரவில்லை என்றால் அது ஏடிஹெச்டி நாள். அன்று ஓய்வெடுத்தால் கெட்டேன், படுத்தால் போன், போனில் மதியம் போய்விடும். அன்று எனக்குக் கெடு வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வேலையைக் கீரை மாதிரி பொடியாக நறுக்க வேண்டும்: "பில் கட்டு" என்று எழுத மாட்டேன், "போனை எடு" என்று எழுதுவேன்.

ஆசையே இல்லை, நேற்றுப் பிடித்த பாட்டுகூட இன்று சத்தமாகக் கேட்கிறது என்றால் அது மற்றது. அன்று கெடுவும் அலாரமும் படுத்த மாட்டுக்குச் சாட்டையடி. குளிப்பது, மொட்டைமாடி வெயிலில் பத்து நிமிடம், ரசம் சோறு. ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த மூன்றை மட்டும் செய்வேன். சில நாள் ஆசை பின்னாலேயே மெதுவாக வந்து சேரும், சில நாள் வராது. ரொம்ப வருடம் நான் செய்த தப்பு, அந்த நாளுக்கான மருந்தை இந்த நாளுக்குக் கொடுத்ததுதான்.

இரண்டும் ஒன்றாக வருகிற நாளும் உண்டு. அன்று மனச்சோர்வைத்தான் முதலில் கவனிக்கிறேன், பில் எங்கும் ஓடிவிடாது. "இருந்து என்ன ஆகப்போகிறது" என்று மனம் சொல்ல ஆரம்பித்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் இல்லை. வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். 14416 என்று ஓர் எண் இருக்கிறது, டெலி மானஸ், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வெட்கமாக இருந்தால் பெயர் சொல்லாமல் பேசுங்கள்.

மணி என்ன ஆகிறது? பாருங்கள், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சை எழுத மூன்று வாரம் இருந்தது. எழுதியது நேற்று ராத்திரி. எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் பண்ணினேன். "எதுக்கு, என்ன செய்யணும்?" என்றாள். "ஒண்ணும் செய்யாதே, பக்கத்துல உட்கார்" என்றேன். சும்மா உட்கார அவளுக்கு வராது, ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தாள். அவள் உருவ உருவ நான் எழுதினேன். கீரை முடிந்தபோது நாலு பக்கம் முடிந்திருந்தது. ஒரு வரிகூட வாங்கிப் படிக்கவில்லை. போகும்போது காலண்டரைப் பார்த்தாள், தேதி சரியாக இருந்தது, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.