வில்லங்கச் சான்று கேட்டா தப்பா?

நடுவர் அய்யாவுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடுதேன்.

தலைப்பு, சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பழைய கதையை மாத்தி எழுதுறது வளர்ச்சியா, வாசகனுக்குச் செய்யுற துரோகமா? நாங்க துரோகம்ங்கிற அணி.

எனக்கு முன்னால பேசின மார்த்தாண்டத்து அண்ணாச்சி போற போக்குல ஒரு குத்து குத்திட்டுப் போனாவ. "இவங்க, இல்லாத மனுசனுக்கு வில்லங்கச் சான்று கேக்குற கூட்டம்"னு. திடலே சிரிச்சுது. நல்லாத்தான் இருந்துது. ஆனா அண்ணாச்சி, நாஞ்சில் நாட்டுல அஞ்சு சென்ட் வாங்கணும்னாலும் தாய்ப்பத்திரம் கேப்போம், 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பாப்போம். ஏன்? நேத்து வித்தவன் நாளைக்கு வந்து "நான் விக்கவே இல்ல"ன்னு சொல்லிடக் கூடாது. மாசாமாசம் பைசா கொடுத்துக் கதை வாங்குறவன் மட்டும் ஏன் கேக்கக் கூடாது?

வாங்க, ஒரே ஒரு பையனுக்கு வில்லங்கம் போட்டுப் பாப்போம். ஜேசன் டாட். பேட்மேன் கூட நின்னு சண்டை போடுற சின்னப் பையனுக்கு ராபின்னு பேரு, அந்தப் பேர்ல ரெண்டாவதா வந்தவன்.

1983ல் வாறான். சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை, அந்தரத்துல ஆடுற அப்பா அம்மா, வில்லன் கையில அவங்க சாவு. முதல் ராபினுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், போகட்டும். 1985லயும் 86லயும் பேட்மேன் கதை போடுற டிசி கம்பெனி "கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்"னு 12 இதழ் போட்டு, பல உலகங்களை ஒண்ணா உருக்கி, கணக்கைப் புதுசா ஆரம்பிச்சாவ. அதுக்கப்புறம் 1987ல் அதே ஜேசன் தெருப்பையனா வாறான். பேட்மேன் காரோட டயரையே கழட்டுறான்! சர்க்கஸ் எங்க போச்சு? அந்த அப்பா அம்மா எங்க போனாவ? நடக்கவே இல்லையாம்.

இந்தப் புது ஜேசன் முரட்டுப் பய. வாசகர் நிறைய பேருக்குப் பிடிக்கல. மாத்தி எழுதினதால வந்த வெறுப்பு அது, கவனிச்சுக்கிடுங்க. அதைக் கம்பெனி எப்படித் தீத்துது தெரியுமா? ஓட்டெடுப்பு வெச்சு! 1988ல் ஜோக்கர்ங்கிற வில்லன் இந்தப் பையனைக் கடப்பாரையால அடிச்சுப் போடுறான், கட்டடம் வெடிக்குது, அதோட இதழை முடிச்சுட்டு ரெண்டு போன் நம்பர் கொடுத்தாவ. பொழைக்கணும்னா இந்த நம்பர், சாகணும்னா அந்த நம்பர். ஒரு போன் காலுக்கு 50 சென்ட். 36 மணி நேரம் கெடு. ரெண்டு முடிவும் தயாரா கையில இருந்துது. எண்ணிப் பாத்தா பொழைக்கச் சொன்னது 5,271. சாகச் சொன்னது 5,343.

72 ஓட்டு அய்யா! இன்னொரு தடவை சொல்லுதேன், 72!

சரி, வாசகன் தீர்ப்பு. பையன் செத்தான். அவன் உடுப்பைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் குகையில நிறுத்தினான் பேட்மேன். அடுத்த ராபின் டிம் டிரேக் வந்ததே அந்தத் துக்கத்துல இருந்துதான். வருஷக்கணக்கா அந்தச் சாவு மேலதான் கதை கட்டினாவ. 2005ல் ஜேசன் எழுந்து வந்து நிக்கான்! எப்படி? 1985 கணக்குல மிச்சம் விழுந்த சூப்பர்பாய் பிரைம்னு ஒரு பய, வெளியே அடைபட்டுக் கிடந்த இடத்துல எதார்த்தத்தோட சுவரையே ஓங்கிக் குத்தினானாம். அந்த அதிர்வுல சவப்பெட்டிக்குள்ள இவனுக்கு உசிரு வந்துட்டாம். பைசா கட்டிப் பேசின 10,614 போன் காலையும் ஒரே குத்துல முடிச்சுட்டாவ அண்ணாச்சி. அந்த 50 சென்டை யார் திருப்பிக் கொடுத்தா?

இந்தப் பத்திரம் வில்லங்கமா, இல்லையா? நீங்களே சொல்லுங்க.

மாற்றமே வேண்டாம்னு நாங்க சொல்லல. 1963ல் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் வியட்நாம்ல காயம்பட்டான், பிறகு அதை ஆப்கானிஸ்தான்னு மாத்தினாவ. அவனுக்கு வயசு ஏறாம இருக்கணும்ல, ஒத்துக்கிடுதோம். 2005ல், செத்துட்டான்னு கேப்டன் அமெரிக்கா நெனச்ச கூட்டாளி பக்கியைக் குளிர்காலச் சிப்பாயா எழுப்பினதையும் கொண்டாடினோம், ஏன்னா அவர் இத்தனை காலம் சுமந்த துக்கத்தை அந்தக் கதை அழிக்கல, அதுல இருந்தே வளந்துது. ஆனா ஸ்பைடர்மேனுக்கு என்ன செஞ்சாவ? 1987ல் மேரி ஜேனோட கல்யாணம். 2007ல், அவனை வளத்த, குண்டடிபட்ட ஆன்ட்டி மேயைக் காப்பாத்த மெஃபிஸ்டோங்கிற பிசாசோட ஒப்பந்தம் போட்டு, கல்யாணமே நடக்கலன்னு ஆக்கிட்டாவ. விவாகரத்துன்னாக்கூட அந்த 20 வருஷக் குடித்தனம் நடந்ததுன்னு மிச்சம் இருந்திருக்கும்.

புது வாசகன் உள்ள வர வாசல் வேணும்னு அண்ணாச்சி சொன்னாவ. அந்த வாசலைத்தான் 2011ல் டிசி கம்பெனி திறந்துது. 52 தொடர், எல்லாமே ஒண்ணாம் நம்பர்ல இருந்து. சூப்பர் ஹீரோக்கள் உலகத்துக்குத் தெரிய வந்தே அஞ்சு வருஷம்தான்னு கணக்கு. ஆனா ராபின் மட்டும் நாலு பேர்! அதுல ஒருத்தன் செத்தும் பொழைச்சாச்சு! புது வாசகனுக்கும் குழப்பம், பழையவனுக்கும் குழப்பம்.

நடுவர் அய்யா, மணி அடிக்காதீங்க, ஒரு பிள்ளையைப் பத்திச் சொல்லிட்டு உக்காந்துடுதேன்.

பார்பரா கோர்டன். பேட்கேர்ளா இருந்தவ. 1988ல் கதவைத் திறக்கா, ஜோக்கர் சுடுதான், முதுகெலும்புல குண்டு. இனி நடக்க முடியாது. அடுத்த வருஷமே ஆரக்கிள்ங்கிற பேர்ல கம்ப்யூட்டர் முன்னால வந்து உக்காந்தா. 20 வருஷத்துக்கு மேல, பறக்கிறவனும் சுவர் ஏறுறவனும் வழி தெரியாம நிக்கும்போது அவளைத்தான் கூப்பிட்டாவ. சக்கர நாற்காலியில இருக்கிற ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்துப் படி ஏற யாராவது வந்து தூக்கணும்னு காத்துக் கிடக்கிற பிள்ளை, இவளைப் பாத்து "என்னை மாதிரி ஒருத்தி"ன்னு நெஞ்சு நிமிந்திருக்கும். 2011ல் அவளை எழுப்பி நடக்க வெச்சுட்டாவ. குதிச்சுத் தாவுற பேட்கேர்ள் வேணும்னா கசாண்ட்ரா கெயின் இருந்தா, ஸ்டெஃபனி பிரவுன் இருந்தா. அந்த ரெண்டு பேரையும் ஓரங்கட்டிட்டு, இருந்த ஒரே ஆரக்கிளையும் எடுத்துக்கிட்டாவ.

அந்தப் பிள்ளை தன் அலமாரியில இருக்கிற பழைய இதழை எடுத்துக்கிட்டு வந்து "இது நடந்துதா, இல்லையா?"ன்னு கேட்டா, அண்ணாச்சி, "வளர்ச்சி"ன்னு சொல்லி அனுப்ப உங்க வாய் வருமா? எனக்கு வராது. அவளுக்காகக் கேக்குதேன், தீர்ப்பை எங்க பக்கம் எழுதுங்க அய்யா. வணக்கம்.